சிறுதட்டு செறிந்த குருதிநீர்மம்

சிறுதட்டு செறிந்த குருதிநீர்மம் (பி.ஆர்.பி) என்பது ஒருவரின் சொந்தக் குருதியிலிருந்து பிரித்தெடுக்கப்படும், குருதிச் சிறுதட்டுகள் மிகுந்த பிளாஸ்மா பகுதி ஆகும். வாய், தாடை அறுவை மருத்துவத்தில் காயம் ஆறுவதற்கும் எலும்பு வளர்வதற்கும் துணையாக இது பயன்படுத்தப்படுகிறது.

தயாரிப்பு

உறைவெதிர்ப்பி கலந்த குருதி மையவிலக்கியில் சுழற்றப்படும்போது சிவப்பணுக்கள் அடியில் தங்குகின்றன. மேலுள்ள நீர்மத்திலிருந்து சிறுதட்டுகள் செறிவாக்கப்படுகின்றன. இயல்பான குருதியில் ஒரு மைக்ரோ லிட்டருக்கு 1,50,000 முதல் 4,50,000 வரை சிறுதட்டுகள் உள்ளன. பி.ஆர்.பி-யில் இது ஏறத்தாழ 10 இலட்சமாக இருப்பது விரும்பத்தக்கதாகக் கருதப்படுகிறது. பயன்படுத்தும்போது கால்சியம் குளோரைடும் திராம்பினும் சேர்க்கப்பட்டு இது கூழ்மமாக்கப்படுகிறது.

திசுக்களில் விளைவு

உறையும்போது சிறுதட்டுகளின் ஆல்பா துகள்கள் வளர்ச்சிக் காரணிகளை வெளிவிடுகின்றன. இவை ஈறிலுள்ள நாரியல் உயிரணுக்களையும் எலும்பாக்கும் உயிரணுக்களையும் பெருகத் தூண்டுகின்றன; புதிய குருதிக் குழாய்கள் உருவாகவும் உதவுகின்றன. எனினும் ஆய்வகச் சோதனைகளில், மிகையான செறிவு எலும்பாக்கும் உயிரணுக்களின் பெருக்கத்தைக் குறைத்துள்ளது.

ஆய்வுகள்

1998 ஆம் ஆண்டில் அமெரிக்க அறுவை மருத்துவர் இராபர்ட் மார்க்சும் குழுவினரும் கீழ்த்தாடை எலும்பு ஒட்டு செய்யப்பட்ட 88 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். எக்ஸ் கதிர்ப் படங்களின்படி, பி.ஆர்.பி சேர்த்த ஒட்டுகள் ஏனையவற்றைவிட 1.62 முதல் 2.16 மடங்கு விரைவாக முதிர்ந்தன. பிந்தைய ஆய்வுகளின் முடிவுகள் ஒருமித்தவையாக இல்லை. மென்திசுக் காயங்களில் தென்படும் பயன் எலும்பில் எப்போதும் காணப்படுவதில்லை.

வரம்புகள்

வளர்ச்சிக் காரணிகள் தாமாக எலும்பை உருவாக்குவதில்லை. அவை உயிருள்ள உயிரணுக்களைத் தூண்டுபவை மட்டுமே. ஆகவே உயிரணுக்களற்ற செயற்கை எலும்புப் பொருளுடன் மட்டும் சேர்க்கும்போது இதன் பயன் குறைவாகலாம்.