கணக்கு யார் கையில்: காப்பார்த் தோட்டங்களும் கணக்கியல் பட்டப்படிப்பும்

மலேசியத் தமிழரின் வரலாற்றை எழுதியோர் கப்பல்களை எண்ணியுள்ளனர். தோட்டங்களின் பரப்பையும் நாட்கூலியையும் கோயில்களையும் பள்ளிகளையும் எண்ணியுள்ளனர். அந்த எண்களை முதன்முதலில் ஏட்டில் எழுதியவர் யார், எழுதப்பட்டதைப் படித்துப் பார்க்கும் திறனும் உரிமையும் யாரிடம் இருந்தன என்னும் வினா அத்துணை எழுப்பப்பெறவில்லை. இவ்வுரையில் அவ்வினாவையே எடுத்துக்கொள்கிறோம். காப்பார் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்தில் கணக்கியல் இளங்கலைப் படிப்பில் சேரும்போது, பெற்றோர் அதனை நல்ல வேலைக்குரிய வழியாகக் காண்கின்றனர். அப்படிக் காண்பதில் குறையேதும் இல்லை. எனினும், பல தலைமுறையாகப் பிறர் எழுதிய கணக்கில் ஒரு பெயராக மட்டுமே இருந்த மக்களின் பிள்ளை அக்கணக்கை எழுதவும் தணிக்கை செய்யவும் கற்கிறது என்பதையும் உடன் வைத்துப் பார்த்தல் வேண்டும்.

கணக்கெழுதும் மரபு தமிழுக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலை முறைக்காக மேடைதோறும் பாராட்டுகிறோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றோர் என்று அதே கல்வெட்டு விதித்திருப்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடமாகக் கற்பிக்கப்பட்டது. இருபதில் ஒரு பங்கான மாவும், எண்பதில் ஒரு பங்கான காணியும், முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரியும் சிறுவர் நாவில் புரண்டன. ஆனால் எல்லாச் சிறுவர் நாவிலும் அல்ல. மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறியவருள் பலர் அத்திண்ணையில் ஏறி அமர இடம் மறுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தோர். பழம்பெருமை பேசும்போது இதனையும் சேர்த்தே பேசுவது நேர்மை.

அவ்வறிவை முழு வடிவில் இந்நாட்டிற்குக் கொண்டுவந்தோர் நகரத்தார். கோலாலம்பூரில் லெபோ அம்பாங் பகுதியிலும் பிற ஊர்களிலும் அவர்களுடைய கிட்டங்கிகள் இருந்தன. நீண்ட கூடமொன்றில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, அதன் முன் ஒரு கணக்கு மேசை, தரையில் அமர்ந்து எழுதும் ஆட்கள் என அவை அமைந்திருந்தன. சிறு வயதில் பெட்டியடிப் பையனாக வந்தவன் ஏவல் செய்துகொண்டே எழுத்தும் வட்டிக் கணக்கும் கற்றான். பின்னர் அடுத்தாளானான், தேர்ச்சியும் நம்பிக்கையும் பெற்றபின் மேலாளாகி, ஊரில் இருக்கும் முதலாளியின் சார்பில் கடையை நடத்தினான். ஏறத்தாழ மூன்றாண்டு ஒரு தவணை. அன்றாடக் கொடுக்கல் வாங்கல் குறிப்பில் ஏறியது. அங்கிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டிற்குப் பெயர்ந்தது. முடிவில் ஐந்தொகை எடுக்கப்பட்டுச் செட்டிநாட்டிற்கு அனுப்பப்பட்டது. கடல் கடந்து இருந்த முதலாளி தம் கடையின் நிலையை அந்தச் சில தாள்களிலிருந்தே அறிந்தார். 1494இல் வெனிசு நகரில் லூக்கா பாசியோலி அச்சிட்ட நூலே இரட்டைப் பதிவு முறையை உலகெங்கும் பரப்பியது என இன்றைய மாணவர் முதலாண்டிலேயே படிக்கின்றனர். வரவையும் பற்றையும் எதிரெதிர் வைத்து ஒப்பிடும் நுட்பத்தைத் தமிழிலேயே எழுதி நடத்திய கடைகள் கோலாலம்பூரின் நடுவில் இருந்தன என்பதை அவர்களுக்கு எந்தப் பாடமும் சொல்வதில்லை.

மலாய்மொழியில் மூலதனத்தைக் குறிக்கும் ‘மோடால்’ என்னும் சொல் நம் ‘முதல்’ என்பதன் வழி வந்தது. கடை ‘கெடாய்’ ஆயிற்று. பெட்டி ‘பெத்தி’ ஆயிற்று. வணிகத்தின் அடிப்படைச் சொற்களைக் கொடுக்கும் அளவிற்குத் தமிழ் இங்கே கணக்குமொழியாக வாழ்ந்தது. ஆயினும் கிட்டங்கியின் கல்வி குடும்பத்திற்குள்ளும் குலத்திற்குள்ளும் அடங்கிய கல்வி. அதற்குப் பள்ளி இல்லை, பாடநூல் இல்லை, வெளியார்க்கு நுழைவும் இல்லை. லெபோ அம்பாங்கில் ஐந்தொகை எழுதியவனும் காப்பாரில் மரம் சீவியவனும் ஒரே மொழி பேசினர். முன்னவன் அறிந்தது பின்னவனை எட்டவில்லை. இதனை நம் வரலாற்றின் பெரிய இழப்புகளுள் ஒன்றாகவே கருதுகிறோம்.

தோட்டத்தின் கணக்கு வேறு வகையானது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்படும். வந்தவர் பெயருக்கு நேரே கிராணி செக்ரோலில் குறியிடுவார். பிற்பகலில் பால் நிறுக்கப்பட்டு, அந்த எடையும் ஏட்டில் ஏறும். மாத முடிவில் அரிசிக்கும் முன்பணத்திற்கும் பிடித்தது போக எஞ்சியது கைக்கு வரும். கங்காணி முறை நடப்பில் இருந்தவரை, வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆகவே தொழிலாளியின் பெயர் இரண்டு பேருடைய வருமானத்திற்கு ஆதாரமாக இருந்தது. பெயருக்கு உரியவரோ பெரும்பாலும் கைநாட்டு வைப்பவர். குறி விழுந்ததா, எடை சரியாக எழுதப்பட்டதா என்று பார்க்க அவரால் இயலாது. கிராணிமாருள் பலர் ஆங்கிலம் கற்ற மலையாளிகள் அல்லது யாழ்ப்பாணத் தமிழர். இதே யாழ்ப்பாணத்தார் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தராகவும் கணக்கராகவும் அமர்ந்து பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு கல்விச் சமூகமாக வளர்ந்தனர். கிராணிகள் எல்லாரும் கொடியவர் என்று எழுதிவிடுவது எளிது, அது உண்மையாகாது. அவர்களுடைய அதிகாரம் எழுதுகோலில் இருந்தது. எழுதுகோல் ஒருவரிடம் மட்டும் இருக்கும் இடத்தில் நல்லவரும் அஞ்சப்படுவார்.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்கவேண்டும் என்றது. தமிழ்ப்பள்ளிகள் அப்படித்தான் பெருகின. பல இடங்களில் ஆசிரியர் வேலையையும் கங்காணியோ கிராணியோ ஓய்வுநேரத்தில் பார்த்துக்கொண்டார். எழுத்தும் கூட்டல் கழித்தலும் கிடைத்தன; அதற்கு மேல் செல்லும் படி அங்கே கட்டப்படவில்லை.

1941ஆம் ஆண்டின் வேலைநிறுத்தங்களை இப்பின்னணியில் மறுபடி படித்துப் பார்த்தல் தகும். காப்பார் அடங்கிய கிள்ளான் வட்டாரத்தில் ஆர். எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் தொழிலாளரை ஒன்றுதிரட்டினர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல், மருத்துவ வசதி, துரையின் முன்னும் தோட்ட அலுவலர் முன்னும் மிதிவண்டியிலிருந்து இறங்காமற் செல்லும் உரிமை ஆகிய கோரிக்கைகளை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அப்பட்டியலில் இன்னும் இரண்டு உண்டு. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பது ஒன்று. கொடுமை செய்யும் ஆசிய அலுவலரை நீக்கித் தமிழ் கற்றவரை அமர்த்தவேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதனை வெறும் இன உணர்ச்சி என்று ஒதுக்குவோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. தன் கூலிக்கணக்கு தனக்கு விளங்கும் மொழியில், தான் கேள்வி கேட்கக்கூடிய ஒருவரிடம் இருக்கவேண்டும் என்னும் வேண்டுகோள் அதற்குள் இருக்கிறது. மே மாதத்தில் நாதன் கைதானார். படை வந்தது, தொழிலாளர் ஐவர் சுடப்பட்டு இறந்தனர்.

போருக்குப் பின் நிலைமை மெல்ல மாறிற்று. 1951இல் ஊழியர் சேமநிதி ஏற்பட்டது. தொழிலாளியின் பெயரிலேயே ஒரு கணக்கும், ஆண்டுதோறும் அதற்கோர் அறிக்கையும் வந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்த தோட்டத் தொழிலாளர், செக்ரோலில் பெயராக இருந்த நிலையிலிருந்து பங்கேட்டில் உரிமையாளராயினர். 1982இல் தொடங்கப்பட்ட மைக்கா ஹோல்டிங்சில் ஏறத்தாழ 66,000 பேர் 10 கோடியே 60 லட்சம் ரிங்கிட் முதலிட்டனர். நகை விற்றும் கடன் வாங்கியும் போட்டவர் பலர். 2010இல் ஒரு ரிங்கிட் பங்குக்கு 80 காசு தர ஒரு நிறுவனம் முன்வந்தபோது, இருபத்தெட்டு ஆண்டுக் காத்திருப்பு அந்த எண்ணில் வந்து முடிந்தது. அவ்விவகாரத்தின் அரசியலைப் பலர் எழுதியுள்ளனர். நம் கவனம் வேறோரிடத்தில் நிற்கிறது. அத்தனை ஆயிரம் வீடுகளுள் ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் கையில் எடுத்து, இலாபம் எங்கிருந்து வந்தது, கடன் எவ்வளவு என்று படித்துச் சொல்லக்கூடிய ஒருவர் எத்தனை வீட்டில் இருந்தார்?

அப்படிப்பட்டவரை உருவாக்கும் பட்டப்படிப்பு இந்நாட்டில் அறுபது ஆண்டுப் பழமையுடையது. 1962இல் தனிப் பல்கலைக்கழகமான மலாயாப் பல்கலைக்கழகம் 1966இல் பொருளாதார நிர்வாகப் புலத்தை அமைத்தது. கணக்கியல் அதனுள் வளர்ந்தது. 1967ஆம் ஆண்டுக் கணக்காளர் சட்டம் மலேசியக் கணக்காளர் கழகத்தை நிறுவி, அதில் உறுப்பினராகாதவர் தம்மைக் கணக்காளர் என அழைத்துக்கொள்ளலாகாது என்றது. சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்ற உள்நாட்டுப் பட்டமும், அதன்பின் மூன்றாண்டு நடைமுறைப் பயிற்சியும் உறுப்பினராவதற்கு ஒரு வழி. பட்டம் எட்டாதோர்க்கு இலண்டன் வணிகக் கழகத்தின் கணக்குத் தேர்வுகள் இருந்தன. பகலில் வேலை, மாலையில் வகுப்பு என ‘எல்.சி.சி.ஐ.’ சான்றிதழ் பெற்றுக் கிள்ளான் துறைமுகத்துக் கப்பல் நிறுவனங்களிலும் தொழிற்சாலைகளிலும் கணக்கெழுத அமர்ந்த ஆண்களும் பெண்களும் ஒரு தலைமுறையின் அமைதியான முன்னேற்றம். அவர்களைப் பற்றி நூல் ஏதும் எழுதப்படாதது வருந்தத்தக்கது.

இன்று காப்பார்ப் பிள்ளைக்கு வழி பல. எல்லாம் ஒரே அகலமுடையன அல்ல. மாராத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கணக்கியல் புலம் அண்டையூரான புஞ்சாக் அலாமில் இருக்கிறது. பூமிபுத்ரா மாணவருக்கே உரிய பல்கலைக்கழகமாதலால் அதன் வாயில் நம் பிள்ளைக்குத் திறப்பதில்லை. கணக்கியல் பிரிவும் கொண்ட மெட்ரிகுலேஷன் கல்லூரிகளில் பத்து விழுக்காட்டு இடமே ஏனையோர்க்கு என்னும் ஒதுக்கீடு நெடுங்காலம் நிலவியது, எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ பெற்ற அனைவருக்கும் இனவேறுபாடின்றி இடம் என 2024இல் அறிவிக்கப்பட்டது. எஸ்.டி.பி.எம். வழி நீண்டது, கடினமானது, ஆனால் செலவு குறைந்தது. தனியார் கல்லூரி வழியில் கடன் முன்னே நிற்கும். 1997இல் ஏற்பட்ட உயர்கல்விக் கடன் நிதியை நாடும் மாணவன், சொத்தும் பொறுப்பும் என்னும் பாடத்தைத் தன் பெயரிலிருந்தே தொடங்குகிறான்.

மொழியின் நிலையையும் ஒரு மொழிக் கழகத்தின் உரையில் சொல்லியாகவேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழில் எண் கற்ற பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் கணக்கியலை மலாய்மொழியில் தொடங்குகிறது. பல்கலைக்கழகத்தில் பெரிதும் ஆங்கிலத்தில் தொடர்கிறது. தமிழ்நாட்டு மேனிலைப் பள்ளிகளில் இதே பாடம் ‘கணக்குப்பதிவியல்’ என்றும் இலங்கையில் ‘கணக்கீடு’ என்றும் தமிழிலேயே பயிலப்படுகிறது. நகரத்தார் கிட்டங்கியில் வழங்கிய ‘ஐந்தொகை’ இலங்கைப் பாடநூல்களில் நெடுங்காலம் நிலைத்து நின்றது. நம் மாணவரோ ‘மோடால்’ என்று எழுதும்போது அது தம் சொல் என்று அறிவதில்லை. தமிழ்வழிக் கணக்கியல் பட்டம் இங்கே வேண்டும் என்று கேட்கும் நிலையில் நாம் இல்லை. ஆனால் பாட்டிக்குச் சேமநிதி அறிக்கையைத் தமிழில் விளக்கிச் சொல்லத் தேவையான ஐம்பது சொற்களேனும் பேரப்பிள்ளையிடம் இருக்கவேண்டும்.

அந்தப் பேரப்பிள்ளை படிக்கும் பாடங்களுள் ஒன்று வேளாண்மைக் கணக்கியல். அனைத்துலகக் கணக்கியல் தரம் 41, 2014இல் திருத்தப்பட்டது. மலேசியத் தரங்களிலும் அத்திருத்தம் ஏற்கப்பட்டுள்ளது. அதன்படி பால்மரமும் செம்பனையும் ‘விளைச்சல் தாங்கும் பயிர்கள்’. கன்றாக இருக்கும் ஆண்டுகளில் அவற்றின் மீது செய்யும் செலவு, கட்டி முடியாத இயந்திரத்தின் செலவைப் போலச் சேர்த்துவைக்கப்படுகிறது. மரம் பலனுக்கு வந்தபின் அதன் மதிப்பு ஆண்டுதோறும் தேய்மானமாகக் கழிக்கப்படுகிறது. மரத்தில் ஊறும் பாலுக்குத் தனி மதிப்பீடு. நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் மரம் இடம்பெறுகிறது. அதைச் சீவியவர் செலவுப் பகுதியில், கூலி என்னும் ஒரே வரியில், பெயரின்றி இருக்கிறார். அவர் பெயரைக் காண விரும்பும் மாணவர் பழைய செக்ரோலைத்தான் தேடிப் போகவேண்டும். காப்பார் வட்டாரத்தில் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. அவற்றின் ஏடுகளுள் எவை எங்கே எஞ்சியுள்ளன என்று தேடித் தொகுக்க, பேரேடு படிக்கத் தெரிந்த இத்தலைமுறையை விடத் தகுந்தவர் எவரும் இல்லர்.