பாவமா, வன்முறையா? 428ஆம் ஆண்டுச் சட்டமும் புல்லா ரேஜியா கழுத்துப்பட்டையும்

கி.பி. 428 ஏப்ரல் 21ஆம் நாள் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் பிறப்பித்த ஆணை, மகளையோ அடிமைப் பெண்ணையோ விபசாரத்தில் தள்ளும் தகப்பனுக்கும் எஜமானனுக்கும் அவள்மீதிருந்த உரிமையைப் பறித்தது. வறுமையால் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண் உட்பட யாரும் ஆயரிடமோ நீதிபதியிடமோ முறையிட்டு விடுதலை பெறலாம். பிறகும் வற்புறுத்துகிறவனுக்குச் சுரங்கத் தண்டனை.

கைல் ஹார்ப்பர் தமது ‘ஃப்ரம் ஷேம் டு சின்’ (2013) நூலில் இந்த ஆணையை ஒரு யுகமாற்றத்தின் அடையாளமாகக் காண்கிறார். ரோமானிய உலகில் பாலொழுக்கத்தை அளந்த கோல் சமூக நிலை. அடிமைக்கு மானம் இல்லை என்பதால் அவளுக்கு நேர்ந்ததை யாரும் குற்றமாக எண்ணவில்லை. கிறிஸ்தவம் அந்த இடத்தில் பாவத்தையும் சுயசித்தத்தையும் வைத்தது. சித்தமின்றிப் பாவத்துக்குள் தள்ளப்படும் பெண் அப்போதுதான் அரசின் கண்ணில் பட்டாள் என்பது அவரது வாதம். பழைய உலகின் கொடுமையை அவர் மழுப்பவில்லை. அது நூலின் பலம். ஆனால் கருத்து முதலில் கனிந்தது, சட்டம் அதன் பின்னே வந்தது என்ற வரிசையை ஏற்க முடியவில்லை.

பலவந்தத்துக்கு ஆளானவள்மீது பழியில்லை, எஜமானனால் பலவந்தப்படுத்தப்பட்ட அடிமைப் பெண்ணும் குற்றமற்றவள் என்று செசரியா ஆயர் பசிலியார் தம் 199ஆம் கடிதத்தில் விதி வகுத்தார். அது ஏறத்தாழ 375ஐச் சேர்ந்தது. கருத்து அப்போதே கனிந்துவிட்டது என்றால், ஐம்பது ஆண்டுகள் சட்டத்தைத் தடுத்தது எது? ஹார்ப்பர் போதிய அழுத்தம் தராத விடை, வரி. கான்ஸ்டன்டைன் காலத்திலிருந்து ஐந்தாண்டுக்கொரு முறை தண்டப்பட்ட தொழில்வரியைப் பெண்தரகர்களும் கட்டிவந்தார்கள். 428க்குப் பிறகும் கருவூலம் அதை வாங்கியது. 428 ஆணை யாருக்கு அனுப்பப்பட்டதோ அந்த உயரதிகாரி ஃப்ளோரென்டியஸே தம் சொந்தச் சொத்தை ஈடாகக் கொடுத்த பின்னர்தான், 439இல் தரகர்கள் தலைநகரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். அந்த வரி முற்றிலும் ஒழிந்தது 498இல், அனஸ்டாசியஸ் ஆட்சியில்.

அவமானம் என்ற கோலும் மறைந்துவிடவில்லை. பேரரசர் கான்ஸ்டான்டியஸ் 343இல் (342 என்போரும் உண்டு) இட்ட ஆணை, விலைமாதர் விடுதிக்கு விற்கப்படும் கிறிஸ்தவப் பெண்களைச் சபையாரோ கிறிஸ்தவ ஆண்களோ மட்டுமே வாங்கலாம் என்கிறது. கிறிஸ்தவரல்லாத பெண் அதில் இல்லை. 428 ஆணையும் எஜமானன் தானே தன் அடிமையைப் பலவந்தப்படுத்துவதைத் தொடவில்லை. தரகுதான் அங்கே குற்றம்.

இனி, இந்த வரலாற்றில் ஓரத்தில் வைக்கப்படும் ஒரு பொருள். இன்றைய துனீசியாவில் உள்ள புல்லா ரேஜியாவின் அப்பல்லோ கோயில் இடிபாடுகளில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க அகழாய்வில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. கழுத்தில் ஓர் ஈயப் பட்டை. அதில் பொறித்திருப்பது: சோரம் போனவள், பரத்தை; என்னைப் பிடித்து வை, புல்லா ரேஜியாவிலிருந்து ஓடிவிட்டேன். ஓடியதைச் சொல்லும் வினை தன்மையில் உள்ளது. தன்னைப் பிடிக்கச் சொல்லி அவளே கேட்பதுபோல் அமைத்திருக்கிறார்கள். சாகும்வரை யாரும் அதைக் கழற்றவில்லை.

அந்த இரண்டு வசைகளும் சட்டப்படி ஒரே பெண்ணுக்குப் பொருந்தா. சோரக் குற்றம் மானமுள்ள குடும்பப் பெண்மீதுதான் சாரும். அடிமையும் பரத்தையும் அதற்கு வெளியே. உடையவன் ஆத்திரத்தில் அடுக்கிய வசை என்பது எளிய விளக்கம். சோரக் குற்றத்துக்காக விடுதியில் அடைக்கப்பட்ட சுதந்திரப் பெண்ணாக இவள் இருக்கலாம் என்பது என் கருத்து. ரோம் நகரில் அப்படியொரு தண்டனை இருந்ததாகவும் முதலாம் தியோடோசியஸ் அதை ஒழித்ததாகவும் திருச்சபை வரலாற்றாசிரியர் சாக்ரட்டீஸ் எழுதுகிறார். அது ரோமைப் பற்றிய செய்தி, ஆப்பிரிக்காவைப் பற்றியதல்ல. அவர் எழுதியதும் இரண்டு தலைமுறை கழித்து. சான்று மெலிந்ததே. ஆனாலும் அது சரியென்றால், இவளைத் தள்ளியது தகப்பனோ எஜமானனோ அல்ல, நீதிமன்றம். அப்படிப்பட்ட பெண்ணை 428 ஆணை நினைத்தும் பார்க்கவில்லை.

பட்டையின் காலம் நான்காம் நூற்றாண்டா, ஐந்தா, அதற்கும் பிந்தியதா என்பது முடிவாகவில்லை. பிந்தியதே என்றாலும் ஹார்ப்பரின் வாதத்துக்கு அது உதவாது. கிழக்கில் பிறந்த ஆணை தியோடோசியஸ் சட்டத்தொகுப்பின் வழியே மேற்கில் நடைமுறைக்கு வந்தது 439 ஜனவரியில். அதே ஆண்டு அக்டோபரில் கார்த்தேஜ் வண்டாலர் கைக்குப் போய்விட்டது. முந்தியது என்றால், 399 வாக்கில் அகுஸ்தினார் பிரசங்கம் செய்த காலத்தை ஒட்டியதாகலாம். புல்லா ரேஜியாவிலேயே நின்று அவர் சாடியது அவ்வூராரின் கூத்துப்பித்தையும் ஊருக்கு வந்த கெட்ட பெயரையும். அடைக்கப்பட்ட பெண்ணின் கதி அந்தப் பிரசங்கத்தின் பொருளாகவில்லை. ஹிப்போ ஆயரான அவரைவிடப் பெரிய இறையியலர் அக்காலத்தில் இல்லை. இறையியல் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

அதே அகுஸ்தினாரின் கடிதம் ஒன்றை யோஹன்னஸ் திவ்யாக் 1981இல் பதிப்பித்தார். ஆள்கடத்தும் வணிகர்களிடமிருந்து ஏறத்தாழ 120 பேரை ஹிப்போ சபையார் மீட்டதை அது சொல்கிறது. அப்போது ஆயர் ஊரில் இல்லை. வணிகர்களுக்கோ செல்வாக்குள்ள புரவலர்கள் இருந்தார்கள். கடிதத்தின் ஆண்டு 422ஐ ஒட்டியதா, 428ஆ என்று அறிஞர்கள் வேறுபடுகிறார்கள். என்னால் தீர்க்க இயலவில்லை. எந்த ஆண்டானாலும், அரசாணையைச் செயலாக்கியதாக அக்கடிதத்தைப் படிக்க வழியில்லை. சாதாரண விசுவாசிகள் துணிந்து செய்த காரியம் அது.

ஓடிவந்த பெண்கள், அவர்களுக்குக் கதவு திறந்த சபையார், வரியை விட மனமில்லாத அரசு என்ற மூன்றையும் சேர்த்து வாசித்தால்தான் 428 ஆணை விளங்கும். இன்று பாலியல் வன்முறைக்கு எதிரான தன் மரபைத் திருச்சபை எடுத்துரைக்கும்போது, பசிலியாரின் விதியைச் சுட்டுவதோடு நிறுத்தக் கூடாது. அந்த விதி ஏட்டில் இருந்தபடியே ஐம்பது ஆண்டு விடுதிகள் நடந்தன, கருவூலம் வரி வாங்கியது. முறையிட வருகிறவளுக்குச் சபை என்ன செய்தது என்பதை வைத்தே அந்த மரபை எடைபோட வேண்டும்.