பாய்மரப் பந்தயக் கோப்பையின் வரலாறு

பந்தயத்தில் வென்றவனுக்குப் பரிசு அளிக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. பண்டைய அரபியர் குதிரைப் பந்தயம் நடத்துங்கால் ஓட்டத்தின் முடிவில் ஒரு நாணற்குச்சியை ஊன்றி வைப்பர். முந்தி வருபவன் அதனைப் பிடுங்கி எடுத்துக்கொள்வான். ஐயத்திற்கு இடமின்றி வென்றவன் எவன் என்பதை அக்குச்சியே அறிவித்துவிடும். ‘கஸப்’ என்னும் அந்நாணலைக் கைக்கொண்டவன் என்று சொன்னால், எத்துறையிலாயினும் முதன்மை பெற்றவன் என்பது இன்றளவும் அரபு வழக்கில் பொருள். வெள்ளியும் பொன்னும் வேண்டப்படாத காலத்துக் கோப்பை அது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் நடத்திய குதிரைப் பந்தயங்களைப் பற்றி ஹதீஸ் நூல்கள் ஒரு நுட்பமான செய்தியைத் தருகின்றன. பயிற்சி அளித்து உடல் இறுக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நெடிய தொலைவு. பயிற்சியற்றவற்றுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுகிய தொலைவு. இளைஞரான இப்னு உமர் (ரலி) அவர்களும் அப்பந்தயத்தில் ஓட்டியிருக்கிறார்கள். ஆற்றலுக்கு ஏற்றவாறு பந்தயத்தை வகுத்தல் வேண்டும் என்னும் இக்கருத்தைக் கடற்பந்தயம் நடத்திய மேனாட்டார் கண்டுகொள்ள வெகுகாலம் ஆயிற்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

இன்று உலகில் வழங்கும் பாய்மரக் கோப்பைகளுள் மூத்ததாகப் பேசப்படுவது ‘அமெரிக்கா கோப்பை’. 1848-இல் இலண்டன் நகரத்துக் காரார்டு என்னும் வெள்ளி வணிக நிறுவனத்தார் செய்த வேலைப்பாடு மிக்க குடுவை அது. அதற்கு அடிப்பாகம் இல்லை என்பது பலர் அறியாத செய்தி. மேலே வார்த்தால் கீழே வழிந்துவிடும். ஒரு மிடறு தண்ணீரும் அதில் நில்லாது. 1851 ஆகஸ்டு 22-ஆம் நாள் இங்கிலாந்தின் வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில், நியூயார்க்கிலிருந்து வந்த ‘அமெரிக்கா’ என்னும் பாய்க்கப்பல் ஆங்கிலேயரின் கப்பல்களை முந்தி அதனைக் கொண்டு சென்றது. கப்பலின் பெயரே கோப்பைக்கும் ஆயிற்று. நாட்டின் பெயரால் வந்ததன்று. உரிமையாளர்கள் 1857-இல் அதனை நியூயார்க் படகு மன்றத்துக்கு ஒரு பத்திரத்தின் மூலம் அளித்து, நாடுகளிடையே நட்புடன் நடக்கும் போட்டிக்கு அது நிலையான பரிசாக இருத்தல் வேண்டும் என்று எழுதிவைத்தனர். நட்பு என்று எழுதினார்களே ஒழிய, 132 ஆண்டுகள் கோப்பையை அம்மன்றம் கைவிடவில்லை. 1983-இல்தான் ‘ஆஸ்திரேலியா 2’ என்னும் படகு, அடிமரத்தில் சிறகு வைத்த புதிய அமைப்பின் துணையோடு, நான்குக்கு மூன்று என்னும் கணக்கில் அதனை வென்றெடுத்தது.

இக்கோப்பைக்காக ஐந்து முறை அறைகூவி ஐந்து முறையும் தோற்ற ஒருவரை நம்மவர் நன்கு அறிவர். ஆனால் கடலோடு சேர்த்து அறியார். தேயிலைப் பொட்டலத்தின் மேல் பெயர் பொறித்த சர் தாமஸ் லிப்டன்தான் அவர். 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஆண்டுகளில் ‘ஷாம்ராக்’ என்னும் பெயரிலேயே ஐந்து படகுகளை அடுத்தடுத்துக் கட்டி அனுப்பினார். கிளாஸ்கோ நகரத்து எளிய குடும்பத்தில் பிறந்து மளிகைக் கடையால் உயர்ந்தவர் ஆதலின், இங்கிலாந்தின் மேட்டுக்குடி மக்களது அரச படகுச் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்க மறுத்தது. அயர்லாந்தின் அல்ஸ்டர் மன்றத்தின் வாயிலாகவே அவர் போட்டியிட நேர்ந்தது. 1931-இல், இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான், அச்சங்கம் கதவைத் திறந்தது. தோல்வியை இன்முகத்தோடு ஏற்ற அவருக்கு அமெரிக்க மக்கள் காசு திரட்டிப் பொற்கோப்பை ஒன்று அளித்தனர். அவரும் பல நாடுகளில் படகுப் பந்தயத்துக்கும் கால்பந்துக்கும் தம் பெயரால் கோப்பைகள் வழங்கினார்.

மளிகைக்காரர் என்று ஒதுக்கப்பட்டவர்பால் நமக்கு இரக்கம் தோன்றுவது இயல்பே. எனினும் அந்தப் படகுகளுக்கும் கோப்பைகளுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? 1890-இல் அவர் இலங்கைக்குச் சென்று, அப்புத்தளைக்கு அருகே தம்பேதென்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். அம்மலைச்சரிவுகளில் கொழுந்து கிள்ளியவர்கள் தமிழகத்து உள்நாட்டு ஊர்களிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோகப்பட்ட நம் மக்கள். லிப்டனின் வரலாற்றை எழுதுவோர் அவருடைய பெருந்தன்மையைப் பக்கம் பக்கமாக எழுதுகின்றனர். கூடை சுமந்தவளைப் பற்றி ஒரு வரி எழுத அவர்களுக்கு மை போதவில்லை போலும்.

கோப்பை பெரியவர்கள் கையிலிருந்து சிறுவர்கள் கைக்கு வந்த கதைக்கு வருவோம். அமெரிக்காவில் இளைஞர்க்கென 1921-இல் ‘சியர்ஸ் கோப்பை’ ஏற்படுத்தப்பட்டது. வட்டாரந்தோறும் தேர்வுப் பந்தயம் வைத்து, வென்றவர்களை மட்டும் இறுதிப் பந்தயத்துக்கு அழைக்கும் முறை அதற்கு உண்டு. ஆயினும் படகு வைத்திருக்கும் மன்றங்களின் பிள்ளைகளே அதில் கலந்துகொள்ள முடிந்தது. ஏழைப் பிள்ளைக்கும் படகு கிட்ட வழி செய்தது 1947-ஆம் ஆண்டு. புளோரிடா மாநிலத்துக் கிளியர்வாட்டர் என்னும் ஊரில் ‘ஆப்டிமிஸ்ட்’ சங்கத்தார், சோப்புப் பெட்டிகளால் வண்டி செய்து சிறுவர்களை மேட்டிலிருந்து ஓட்டவிடும் விளையாட்டை நடத்திவந்தனர். அது போன்றே ஐம்பது டாலருக்குள் ஒரு பாய்ப்படகு செய்யலாகாதா என்று மேஜர் கிளிஃபோர்டு மெக்கே கேட்க, கிளார்க் மில்ஸ் என்னும் படகுத் தச்சர் அதனை வரைந்து தந்தார். எட்டடிக்கு நான்கடி கொண்ட ஒட்டுப்பலகை இரண்டில் படகு முழுவதும் அடங்க வேண்டும். ஆகவே முன்முனையைக் கூராக்காமல் மொட்டையாக வெட்டிவிட்டார். அழகில்லாத அந்த மூக்கு சிக்கனத்தால் வந்தது. நீளம் ஏறத்தாழ 2.3 மீட்டர், எடை 35 கிலோ, பாய் ஒன்று, ஆள் ஒருவர்.

1954-இல் ஆக்ஸல் தாம்கார்டு என்பவர் இதனை டென்மார்க்கிற்குக் கொண்டு சென்றார். 1962-இல் இங்கிலாந்தில் முதல் உலகப் போட்டி நடந்தது. 1965-இல் பன்னாட்டுச் சங்கம் அமைந்தது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டோர் இதில் போட்டியிடலாகாது. அதற்கு மேல் வளர்ந்தவர்களுக்கு, புரூஸ் கெர்பி வரைந்த ‘லேசர்’ படகு வந்தது. உடற்பகுதி ஒன்றே, பாய் மட்டும் 4.7, 5.7, 7 சதுர மீட்டர் என மூவகை. எடை குறைந்த இளையவர் சிறிய பாயையும், வலியவர் பெரிய பாயையும் ஏற்றிக்கொள்வர். மதீனாவின் இரு தொலைவுகளை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

பந்தய முறையிலும் இரண்டு செய்திகள் குறிப்பிடத்தக்கவை. முதலில் வந்தவனுக்கு ஒரு புள்ளி, இரண்டாமவனுக்கு இரண்டு என்று எண்ணி, பல ஓட்டங்களின் முடிவில் குறைந்த புள்ளி பெற்றவனுக்கே கோப்பை. ஆகவே ஒருநாள் காற்று வாய்த்தவன் அல்லன், எல்லா நாளும் பிழையாது ஓட்டியவன் வெல்கிறான். மற்றொன்று: நடுக்கடலில் ஒவ்வொரு படகின் பின்னும் நடுவர் நிற்க இயலாது. பிறர் வழியை மறித்துத் தவறிழைத்தவன் தானாகவே தன் படகை இருமுறை முழுவட்டமாகச் சுற்றித் தண்டனையை நிறைவேற்றிக்கொண்டு பிறகுதான் மேலே செல்லலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைப் பழக்குவது மதரஸாவில் ஓராண்டு நாங்கள் போதிப்பதற்கு ஈடாகும் என்று சொல்லத் தோன்றுகிறது.

நம் கரைக்கு வருவோம். சாரத்திலிருந்து மிதிவண்டி மிதித்தால் சிறிது நேரத்தில் புதுச்சேரிக் கடற்கரை வந்துவிடும். இங்கே கப்பல்கள் நெடுந்தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, சலங்குப் படகுகள் அலையைக் கடந்து சரக்கை ஏற்றி இறக்கிய காலம் நீண்டது. 1866-இல் இரும்புத் துறைப்பாலம் அமைத்தனர். 1952-ஆம் ஆண்டுப் புயல் அதனை வீழ்த்தியது. ஒதுக்கமான நீர்ப்பரப்பு இல்லாத இத்தகைய திறந்த கரையில் விளையாட்டுப் படகுக்கு இடம் ஏது? சென்னையிலோ துறைமுகப் பொறுப்புக் கழகத் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் கல்லணைகளுக்குள் அலையற்ற நீரை உண்டாக்கினார். அவரே 1911-இல் படகு மன்றத்தையும் நிறுவினார். பின்னர் ‘ராயல்’ என்னும் அடைமொழி பெற்ற மன்றம் அதுதான். தமிழகத்தின் பாய்மர வீரர்கள் பெரும்பாலும் சென்னையிலிருந்தே வருவதற்கு அந்தக் கல்லணையே காரணம். பிற ஊரார்க்குத் திறமை இல்லை என்பதன்று.

ஆனால் ஒன்றை எண்ணும்போது உள்ளம் கனக்கிறது. நாகூர், காரைக்கால், பரங்கிப்பேட்டை, கீழக்கரை, காயல்பட்டினம் என இக்கரை நெடுகிலும் மரக்கலம் செலுத்திய மரக்காயர்கள் அச்சைக்கும் பினாங்கிற்கும் பாய் விரித்தவர்கள். கலம் ஓட்டும் கலைச்சொற்களை அரபியரோடு பகிர்ந்துகொண்டவர்கள். ‘சுக்கான்’ நேரே அரபுச்சொல். ‘மாலுமி’ என்பது ‘முஅல்லிம்’ என்பதன் திரிபு. ஆசிரியர் என்று பொருள். வானத்து மீன்களையும் காற்றின் பருவத்தையும் கற்றுணர்ந்து வழிகாட்டியவனை அக்காலத்தார் ஆசிரியன் என்றே அழைத்தனர். ஹிஜ்ரி 895-இல், அதாவது கி.பி. 1490 அளவில், ‘கிதாபுல் ஃபவாயித்’ என்னும் கடல்நூலை யாத்து முடித்த அஹ்மத் இப்னு மாஜித் அத்தகைய முஅல்லிம். (வாஸ்கோ ட காமாவுக்கு அவரே வழிகாட்டினார் என்று ஒரு கதை நெடுங்காலமாக மேடைகளில் பேசப்படுகிறது. இன்றைய ஆய்வாளர் அதனை ஏற்பதில்லை. நாமும் விட்டுவிடுதல் நன்று.) சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்தது, நீராவிக் கப்பல் பெருகியது, பாய்க்கப்பல் தொழில் படிப்படியாக நலிந்தது. மரக்காயர் என்பது பெயரின் பின்னே நிற்கும் சொல்லாய்ச் சுருங்கியது. இலண்டன் மேட்டுக்குடியார் பாய்மரத்தைப் பொழுதுபோக்காக்கிக் காத்துக்கொண்டனர். அதனையே பிழைப்பாகக் கொண்ட நம்மவர், பிழைப்பு போனதும் கலையையும் கைவிட்டோம்.

ஆசிய அளவில் இந்தியா பெற்ற கோப்பைகளும் பதக்கங்களும் இதன் பின்னணியில் படிக்கத்தக்கவை. 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் ஃபாரூக் தாராப்பூர், ஜரீர் கரஞ்சியா இணை ‘ஃபயர்பால்’ வகையில் தங்கம் வென்றது. 2014-இல் இஞ்சியோனில் சென்னைப் பெண்கள் வர்ஷா கவுதம், ஐஸ்வர்யா நெடுஞ்செழியன் இருவரும் இளையோர்க்கான ‘29இஆர்’ படகில் வெண்கலம் கொண்டுவந்தனர். 2021 ஏப்ரலில் ஓமான் நாட்டு முஸன்னாவில் நடந்த போட்டியே டோக்கியோ ஒலிம்பிக்கிற்கான ஆசியத் தகுதிச்சுற்று. அங்கே சென்னையின் நேத்ரா குமணன் தகுதி பெற்று, ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குச் செல்லும் முதல் இந்தியப் பெண்மணி ஆனார். விஷ்ணு சரவணனும், கணபதி, வருண் தக்கர் இணையும் உடன் தேர்ந்தனர். முஸன்னா எங்குள்ளது? மஸ்கட்டுக்கும் ஸுஹாருக்கும் இடையே, அரபு மாலுமிகள் பருவக்காற்றை எதிர்நோக்கிக் கலம் கட்டி வைத்திருந்த அதே பாத்தினாக் கரையில். அந்தக் காற்றிலேதான் அப்பெண் பாயைத் திருப்பி வென்றார்.

இதனினும் வியப்பான செய்தி உள்நாட்டிலிருந்து வருகிறது. 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில், 4.7 சதுர மீட்டர் பாய் கொண்ட சிறுமியர் பிரிவில் வெள்ளி வென்ற நேகா தாக்கூர், மத்தியப் பிரதேசத்தின் தேவாஸ் மாவட்டத்து உழவர் வீட்டுப் பெண். காற்றுப்பலகைப் போட்டியில் வெண்கலம் பெற்ற இபாத் அலியும் அம்மாநிலத்தவரே. கடலைக் காணாத அம்மாநிலத்தில் பயிற்சிக்களம் போபாலின் பெரிய ஏரி. போஜ மன்னன் வெட்டியதாகச் சொல்லப்பட்டு, பின்னர் நவாபுகளும் பேகம்களும் ஆண்ட நகருக்கு நீர் தந்த ஏரி அது. அரசு அங்கே பள்ளி வைத்தது, படகு கொடுத்தது, சோறும் கொடுத்தது. ஐதராபாத்தில், இப்ராஹீம் குலி குத்ப் ஷா காலத்தில் வெட்டிய உசேன் சாகரிலும் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் இளையோர் பந்தயம் நடக்கிறது. அரசுப் பள்ளியில் படிக்கும் எளிய வீட்டுப் பிள்ளைகள் அங்கே ‘ஆப்டிமிஸ்ட்’ படகேறிப் பரிசு பெறுகின்றனர். ஏரிக்கரைப் பிள்ளைக்கு இயன்றது கடற்கரைப் பிள்ளைக்கு ஏன் இயலவில்லை என்று கேட்டால், விடை காற்றில் இல்லை, படகில் இருக்கிறது. பன்னாட்டுத் தரத்தில் செய்த ஒரு ‘ஆப்டிமிஸ்ட்’ இன்று ஒட்டுப்பலகை விலையில் கிடைப்பதில்லை. ஏழைக்கென்று பிறந்த படகு கண்ணாடியிழைக்கு மாறிச் செல்வர் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆகவே யாரேனும் வாங்கிக் கொடுத்தாலன்றி மீனவர் குப்பத்துப் பிள்ளைக்கும் மரக்காயர் தெருப் பிள்ளைக்கும் அது எட்டாது.

புதுச்சேரியில் இவ்வகையில் எஞ்சியுள்ள வாய்ப்பு தேசிய மாணவர் படையின் கடற்பிரிவு. அப்படை 1948-இல் சட்டத்தால் அமைந்தது. கடற்பிரிவு 1952-இல் சேர்ந்தது. கடற்பிரிவு அணிகளுள் துணிவும் முயற்சியும் மிக்கது எது என்று தேர்ந்து பரிசளிக்கும் அகில இந்தியப் போட்டி ஒன்றுண்டு. அதற்கெனப் பாய்ப்படகில் நெடும்பயணம் செய்தல் வேண்டும். நம் மாணவர்களும் மாணவிகளும் ‘வேலர்’ எனப்படும் படகுகளில் பாயேற்றிக் காரைக்கால் வரை சென்று மீண்டிருக்கின்றனர். துடுப்பும் உண்டு, பாயும் உண்டு. பின்னே சுக்கானைப் பிடிக்க ஒருவர் அமர்வார். கடலூர், பரங்கிப்பேட்டை, தரங்கம்பாடி என்று பழைய துறைகளை வலப்புறம் பார்த்தவாறே அவர்கள் தெற்கே போகிறார்கள்.