குருணை யாருடையது?

போன வாரம் தாத்தா போட்டோவை ஸ்கேன் பண்ணி, ராத்திரி புது டேப்லெட்டில் பார்த்தேன். சாம்பல் பின்னணி முழுக்க ரவை தூவின மாதிரி குருணை. பழைய படம், அப்படித்தான் இருக்கும்னு நினைச்சு, மென்பொருளில் ஒரு தட்டு தட்டி வழவழன்னு ஆக்கிட்டேன். அம்மாகிட்ட காட்டினா, "யாருடா இது?"ங்கறாங்க. தாத்தா முகத்து அம்மைத் தழும்பெல்லாம் குருணையோட போயிருந்தது!

ஸ்கேன் பண்ணின மூலத்தை வீட்டுக் கணினியின் எல்சிடி திரையில் திறந்தால் பாதிக் குருணையைக் காணோம். அப்ப அந்தப் பாதி டேப்லெட்டோடது.

பிலிம் குருணை பாண்டிக்குப் புதுசில்லை. 1950 ஏப்ரலில், ஊர் இன்னும் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தப்போ, ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் இங்கே வந்து அரவிந்தரைப் படம் எடுத்தார். (அதே டிசம்பரில் அரவிந்தர் மறைந்தார்.) மனுஷனுக்கு ஃப்ளாஷ் பிடிக்காது; சின்ன 35 மி.மீ. பிலிம், அங்கே கிடைக்கிற வெளிச்சம், அவ்வளவுதான். ஒளி பட்ட வெள்ளி உப்புப் படிகங்கள் பிலிமைக் கழுவும்போது வெள்ளித் துகளாகும். படமே அந்தத் துகள்தான். அதைச் சுரண்டினால் ஆளும் போயிடுவார், எங்க தாத்தா போன மாதிரி.

ஓஎல்இடி கதை வேற. வேடிக்கை என்னன்னா, அதுவும் பிலிம் வித்த கோடாக் ஆய்வகத்தில் பிறந்ததுதான். சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ரெண்டு பேரும் 1987ல் கட்டுரை வெளியிட்டாங்க. கோடாக் 2009ல் அந்தத் தொழிலை எல்ஜிக்கு வித்துட்டு, 2012ல் திவால் மனு போட்டது.

எல்சிடியில் எல்லாப் புள்ளிக்கும் பின்னாடி பொதுவான விளக்கு. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். ஒவ்வொண்ணுக்கும் மின்சாரத்தை அளந்து விட தனித்தனி டிரான்சிஸ்டர்கள். இலட்சக்கணக்கில் செய்யறப்ப எல்லாம் அச்சடிச்ச மாதிரி ஒண்ணா வராது. வெளிச்சம் கூட இருந்தா வித்தியாசம் தெரியாது. குறைச்சு வச்சு சாம்பல் நிறம் பார்த்தா... மாட்டிக்கும். ஜப்பான்காரங்க இதை 'முரா'ம்பாங்க. தொழிற்சாலையிலேயே திரையைக் கேமராவில் அளந்து திருத்தம் எழுதறாங்க. ஆனாலும் முழுசா போகாது.

அப்ப இது கோளாறா? இருட்டில் மூக்கை ஒட்டி வச்சாத்தான் தெரியும்னா இல்லைம்பேன், அந்தத் தொழில்நுட்பத்தின் எல்லை அது. சாதாரண வெளிச்சத்தில், கை நீட்டுற தூரத்தில் தெரிஞ்சா கோளாறுதான். கடைக்காரர் என்ன சமாதானம் சொன்னாலும் மாத்திக் கேளுங்க.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. படத்தை விரலால் நகர்த்துங்க. குருணை கூடவே நகர்ந்தா படத்தோடது. நின்ன இடத்திலேயே நின்னா திரையோடது.

என்னோடதில் வெளிச்சத்தைக் கூட்டினதும் போயிடுச்சு, அதனால் திருப்பிக் கொடுக்கலை. தாத்தாவை மூலத்திலிருந்து மறுபடி எடுத்தாச்சு, தழும்போட.