14 சென்ட்: தொண்டுக்கு இட்ட விலை

அறத்துக்குக் கொடுத்த பணத்தை வருமானக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளும் உரிமையை அமெரிக்கர்களுக்கு முதன்முதலில் அளித்தது 1917-ஆம் ஆண்டின் போர்க்கால வருவாய்ச் சட்டம். முதல் உலகப்போருக்காக வருமான வரி கடுமையாக உயர்த்தப்பட்டபோது, செல்வர்களின் கொடையை நம்பியிருந்த கல்லூரிகளும் தொண்டு நிலையங்களும் வறண்டுவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. அந்த அச்சத்தில் பிறந்த சலுகை இது. ஆகவே தொடக்கத்திலிருந்தே அது பணம் படைத்தவரின் கொடையை மனத்தில் கொண்டே வளர்ந்தது.

பணமில்லாதவர் உழைப்பைத் தருகிறார். அந்த உழைப்பைச் சட்டம் எண்ணுவதில்லை. நாள் முழுதும் ஊதியமின்றிப் பணியாற்றினாலும் அந்த நேரத்துக்குக் கழிவு கிடையாது. பெறாத கூலிக்கு வரியும் இல்லை என்பதால் இதில் ஒரு நியாயம் இருக்கிறது. தொண்டின் பொருட்டுக் கைப்பணம் கரைந்தால் மட்டும் அது நன்கொடையாகிறது. முதியோர் வீடுகளுக்கு உணவு கொண்டு செல்பவரின் கார்ச் செலவு அத்தகையது.

அந்தக் காரின் ஒரு மைலுக்கு என்ன விலை? தொடக்கத்தில் வரித்துறையே அதை நிர்ணயித்து வந்தது. 1984-இல் நாடாளுமன்றம் 12 சென்ட் என்று சட்டத்திலேயே எழுதியது. 1997-இல் அது 14 சென்ட் ஆயிற்று. அன்றிலிருந்து மாறவில்லை. வணிகப் பயணத்துக்கும் மருத்துவப் பயணத்துக்கும் உரிய விகிதங்களை வரித்துறை விலைவாசியை ஒட்டித் திருத்தி வருகிறது. தொண்டின் விகிதத்தைத் திருத்தவோ நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றியாக வேண்டும்.

வணிக விகிதத்தில் வாகனத் தேய்மானமும் காப்பீடும் சேர்வதால் அதனோடு ஒப்பிடுவது முறையன்று. மருத்துவப் பயணத்தோடு ஒப்பிடுவோம். 1998-இல் அதற்கு மைலுக்கு 10 சென்ட், தொண்டுக்கு 14. 2025-இல் மருத்துவத்துக்கு 21 சென்ட். தொண்டுக்கு அதே 14. முன்னே நின்றது பின்னே போய்விட்டது. பெட்ரோலுக்கும் எண்ணெய்க்கும் உண்மையில் ஆன செலவைக் கணக்குக் காட்டிக் கழிக்கும் வழியும் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஆனால் ஒவ்வொரு ரசீதையும் காத்துவைக்கும் பொறுமை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

14 சென்ட் போதாது என்பதை நாடாளுமன்றமே ஒருமுறை ஒப்புக்கொண்டது. 2005-இல் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்தபோது, நிவாரணத்துக்குக் கார் ஓட்டிய தொண்டர்களுக்கு வணிக விகிதத்தில் 70 விழுக்காட்டைக் கழிக்க அனுமதித்தது. அந்த ஆண்டின் இறுதி மாதங்களில் அது மைலுக்கு 34 சென்ட். 2006 முடிந்ததும் சலுகையும் முடிந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. செலவுகளைத் தனித்தனியே பட்டியலிடுவோருக்கே இக்கழிவு பயன்பட்டு வந்தது. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் எல்லோருக்குமான பொதுக் கழிவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியபின் பட்டியலிடுவோர் வெகுவாகக் குறைந்தனர்.

எவரும் 14 சென்டுக்காகத் தொண்டு செய்வதில்லை. ஆயினும் சட்டத்தில் எழுதப்படும் தொகை ஒரு மரியாதையும் ஆகும். பேரிடர் நாளில் நினைவுக்கு வரும் தொண்டர், மற்ற நாட்களில் மறக்கப்படுகிறார் என்பதையே இந்த எண் நமக்குச் சொல்கிறது.