அணுக்கியார் நின்ற இடம்: திருவாரூர்க் கோயிலும் பெண்களும்

காவிரிப் படுகையின் கீழ்ப்பகுதி வண்டல் மண்ணால் ஆனது. நெல்லுக்கு உகந்த அந்த மண்ணில் கட்டடத்துக்கு உதவும் பாறை கிடையாது. அதனால் ஓடம்போக்கி ஆற்றங்கரையில் உள்ள திருவாரூரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பழைய கோயில்கள் செங்கல்லால் எழுந்தன. பிற்காலத்தில் அவை ஒவ்வொன்றாகக் கற்றளிகளாக, அதாவது முழுவதும் கல்லால் கட்டிய கோயில்களாக, மாற்றப்பட்டன. கல்லைத் தொலைவிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தமையால், ஒரு கோயிலைக் கற்றளியாக்கும் செலவைப் பெருஞ்செல்வர்களே ஏற்க முடிந்தது. திருவாரூரில் அச்செலவை ஏற்றுத் தம் பெயரைக் கல்வெட்டில் நிலைநிறுத்தியவர்களுள் இருவர் பெண்கள். அவர்களுள் ஒருவர் பட்டத்தரசி, மற்றவர் அரசியர் வரிசையில் சேராதவர்.

முதலாமவர் கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழரின் தாயுமான செம்பியன் மாதேவி. 10ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கணவரை இழந்த அவர், அதன் பின்னர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், மகனும் முதலாம் இராசராசனும் அரசாண்ட காலங்களிலும், கோனேரிராசபுரம் எனப்படும் திருநல்லம், விருத்தாசலம், திருக்கோடிகாவல் முதலிய ஊர்களில் செங்கற்கோயில்களைக் கற்றளிகளாக்கினார். திருக்கோடிகாவலில் பழைய கோயிலைப் பிரித்தபோது அதன் கற்களில் இருந்த முந்தைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார்; பழைய அறக்கொடைகளின் சான்று அழியாமல் காக்கும் எண்ணம் அப்பணியில் தெரிகிறது. திருவாரூர்ப் பெருங்கோயில் வளாகத்துக்குள், அப்பர் பாடிய அரநெறி என்னும் தனிக்கோயில், இன்று அசலேசுவரர் கோயில் எனப்படுவது, அவரால் கற்றளியானது. நாகப்பட்டினத்தை அடுத்த செம்பியன் மாதேவி என்னும் ஊர் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வூர்க் கோயிலில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவருடைய திருவுருவம் எழுந்தருளுவிக்கப்பட்டது.

இரண்டாமவர் அணுக்கியார் பரவை நங்கையார். அணுக்கி என்பது அரசனுக்கு அணுக்கமானவள் என்று பொருள்படும் சொல். பட்டத்தரசியரைக் குறிக்கும் மாதேவி என்ற பெயரீறு இவருக்கு வழங்கப்படவில்லை. திருவாரூர்த் தியாகராசப் பெருமான் கல்வெட்டுகளில் வீதிவிடங்கர் எனப்படுகிறார். முதலாம் இராசேந்திரன் ஆட்சியில், கி.பி. 1030ஐ ஒட்டிய ஆண்டுகளில், அப்பெருமானுடைய திருக்கோயிலைக் கற்றளியாக்கியவர் இந்த நங்கையாரே. விமானத்தின் பகுதிகளுக்கும் வாயிலுக்கும் பொன் வேய அவர் அளித்தது இருபதாயிரம் கழஞ்சுக்கும் மேல். கழஞ்சு என்பது ஏறத்தாழ ஐந்து கிராம் எடையுள்ள பழைய நிறை அளவாகும். கதவுகளிலும் தூண்களிலும் செப்புத் தகடு போர்த்தும் செலவும் அவருடையது. அரசரும் அணுக்கியாரும் தேரேறி வந்து கோயிலில் நின்று வழிபட்ட இடம் விளங்குமாறு அங்கே ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டது என்பதையும் கல்வெட்டு பதிவுசெய்கிறது. கொடைப் பட்டியல்கள் பொன்னையும் நெல்லையும் எண்ணுவது வழக்கம். ஒரு பெண் நின்ற இடத்தை ஒரு விளக்கு அடையாளம் காட்டியது என்பது அவ்வழக்கத்தில் அரிதான செய்தி. முதலாம் இராசாதிராசன் காலத்தில் இராசேந்திரன், நங்கையார் இருவருடைய படிமங்களும் இக்கோயிலில் வழிபாடு பெற்றன.

பரவை என்ற பெயரே திருவாரூருக்கு உரியது. சுந்தரர் மணந்த பரவையாரைப் பெரியபுராணம் உருத்திர கணிகையர் மரபினர் என்கிறது; சிவன் கோயில் தொண்டுக்குரிய மகளிர் மரபு அது. அம்மரபு சோழர் காலத்தில் எவ்வளவு பெருகியிருந்தது என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு காட்டுகிறது: இராசராசன் சோழ நாட்டுக் கோயில்களிலிருந்து நானூறு தளிச்சேரிப் பெண்டுகளைத் தஞ்சைக்குக் கொணர்ந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் விளையும் பங்கும் அளித்தான். தளிச்சேரி என்பது கோயிலைச் சார்ந்த குடியிருப்பு. அந்நானூற்றுவருள் திருவாரூர்க் கோயில்களிலிருந்து சென்றவர்கள் பலர். ஒவ்வொருவரின் பெயரும் வீட்டு வரிசையும் பொறிக்கப்பட்டுள்ள அப்பட்டியல், அவர்களுக்குத் தனிப்பெயரும் தனிப்பங்கும் இருந்தமைக்குச் சான்றாகும்.

பல நூற்றாண்டுகளுக்குப் பின் அதே முறை வேறு முகம் கொண்டது. சிறுமியருக்குக் கோயிலில் தாலி அணிவித்து அவர்களைத் தொண்டுக்கு உரியவராக்கும் சடங்கு பொட்டுக்கட்டுதல் எனப்பட்டது. கோயில் தந்த மானிய நிலத்தைக் குடும்பம் தொடர்ந்து நுகர வேண்டுமானால் தலைமுறைதோறும் ஒரு பெண்ணுக்குப் பொட்டுக்கட்ட வேண்டியிருந்தது. முன்பு பெண்ணைத் தாங்கிய பங்கு, அவளைப் பிணிக்கும் கயிறாயிற்று. அக்கயிற்றை அறுக்க முனைந்தவர்களுள் முதன்மையான ஒருவர், 1883இல் திருவாரூரில் பிறந்து மயிலாடுதுறையை அடுத்த மூவலூரில் வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார். இசை வேளாளர் குலத்துக்குள் இருந்துகொண்டே பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து ஊர் ஊராகப் பேசிய அவர், 1936இல் வெளியான ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்ற நாவலில் அவ்வாழ்க்கையின் உட்புறத்தை எழுதினார். சட்டமன்றத்தில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி மேற்கொண்ட முயற்சியால், 1929ஆம் ஆண்டுச் சட்டம் மானிய நிலத்தைக் கோயில் தொண்டிலிருந்து விடுவித்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டுவதையே தடை செய்தது. 1938இல் இந்தி எதிர்ப்புக்காகத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடைபயணமாகச் சென்ற படையிலும் அம்மையார் நடந்தார், 1962இல் மறைந்தார்.

செம்பியன் மாதேவியையும் பரவை நங்கையாரையும் நினைவுறுத்துபவை அவர்களே எழுப்பிய கற்கள்; இராமாமிர்தம் அம்மையாருக்கு அத்தகைய கற்றளி இல்லை. மாறாக, ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவ 1989இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய திட்டத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2022இல் அது அரசுப் பள்ளிகளில் பயின்ற மாணவியர்க்கு உயர்கல்விக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டமாக மாறியபோதும் பெயர் நீடித்தது. தளிச்சேரிப் பங்கு கோயில் தொண்டு என்ற கடமையோடு பிணைந்திருந்தது. இந்த ஆயிரம் ரூபாயைப் பெறும் மாணவி அதற்கு ஈடாகச் செய்ய வேண்டியது படிப்பைத் தொடர்வது மட்டுமே.