மருந்தின் விலையும் இயலாதோர் கொடுப்பனவும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

டீ.பீ. ஜாயா என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது கொழும்பு ஸாஹிராவும் அவரது அரசியல் உரைகளும்தான். 1921 முதல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஸாஹிராவின் அதிபராக இருந்தவர் அவர். ஆனால், 1947இல் அமைந்த முதலாவது அமைச்சரவையில் அவர் ஏற்ற பொறுப்பு கல்வி அல்ல; தொழில், சமூக சேவை அமைச்சு. இந்நாட்டில் நோயாளிக்கும் இயலாதவருக்கும் அரசாங்கம் எப்படிக் கைகொடுத்தது என்பதை எழுதுவதென்றால், அந்த இடத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன் இருந்தது 1939ஆம் ஆண்டின் வறியோர் கட்டளைச் சட்டம். அது பிரதானமாக மாநகர சபை எல்லைகளோடு நின்றுகொண்டது. கிராமத்து ஏழைக்கு ஊராரின் இரக்கமே துணை. ஐவர் ஜெனிங்ஸ் தலைமையிலான சமூக சேவைகள் ஆணைக்குழு 1947இல் தன் அறிக்கையை வெளியிட்டது. மறு வருடம் சமூக சேவைகள் திணைக்களம் உருவானது. இயலாமையும் வறுமையும் குடும்பத்தின் விதி மட்டுமல்ல, அரசின் பொறுப்பும்தான் என்ற எண்ணம் அலுவலகமாகவும் உத்தியோகத்தராகவும் உருப்பெற்றது அப்போதுதான்.

இது முதலாவது வழி. ஆளைத் தேடி, அவருடைய நிலையை உறுதிசெய்து, கையில் காசு கொடுக்கும் வழி. இரண்டாவது வழி பிறக்க இன்னும் இருபது வருடங்களுக்கு மேல் சென்றது. அது ஆளைப் பார்க்கவில்லை, பொருளின் விலையைப் பார்த்தது.

அந்த வழியைத் திறந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. இலங்கையின் முதலாவது மருந்தியல் பேராசிரியர் அவரே. மருத்துவரும் இடதுசாரித் தலைவருமான எஸ்.ஏ. விக்ரமசிங்கவோடு சேர்ந்து 1971இல் அவர் ஓர் அறிக்கை கொடுத்தார். அதே வருடம் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது. அதன் முதல் தலைவரும் பிபிலேதான்.

அவர் செய்தது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். ஒரே மருந்து பல கம்பனிகளின் பெயரில், பல விலையில் நாட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. நாம் ‘பெனடோல்’ என்கிறோம். மருந்தின் பெயர் பெரசிற்றமோல். பிபிலே கம்பனிப் பெயரை ஒதுக்கிவிட்டு, மருந்தின் சொந்தப் பெயரால் உலகச் சந்தையில் கேள்விப்பத்திரம் கோரச் செய்தார். நிபுணர் குழுவொன்று பட்டியலைச் சலித்தது. சுமார் 2,100 ஆக இருந்த மருந்துகள் 600 அளவுக்குக் குறைந்தன. நாடு முழுவதுக்கும் ஒரே இடத்தால் மொத்தமாக வாங்கியதால் பேரம் பேசும் பலம் அரசின் கைக்கு வந்தது. விலை இறங்கியது, அந்நியச் செலாவணியும் மிஞ்சியது. ‘ஒசுசல’ என்ற பெயர்ப்பலகை அந்தக் கூட்டுத்தாபனத்தினுடையதே. ‘ஒசு’ என்றால் சிங்களத்தில் மருந்து.

எதிர்ப்பு சும்மா இருக்கவில்லை. பன்னாட்டுக் கம்பனிகள் நெருக்கின. நோயாளிக்குத் தரக்குறைவான மருந்து கொடுபடுகிறது என்று மருத்துவர்களில் ஒரு சாராரும் பேசினார்கள். 1977இல் ஆட்சி மாறி, திறந்த பொருளாதாரம் வந்ததோடு கூட்டுத்தாபனத்தின் இறக்குமதித் தனியுரிமை தளர்ந்தது. அதே வருடம் செப்டெம்பரில் கயானாவில் பிபிலே காலமானார். உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அந்த வருடத்திலேதான். அவருடைய எண்ணம் வெளியே பரவத் தொடங்கிய வேளையில், வீட்டுக்குள்ளே அது சுருங்கியது.

இயலாதோர் விடயத்தில் சட்டம் வர 1996 ஆகியது. அந்த வருடத்து 28ஆம் இலக்கச் சட்டம் அவர்களின் உரிமைகளைப் பற்றிப் பேசியது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் சென்றுவருவதற்கான ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 8.7 வீதமானோர் பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதோ ஒரு சிரமம் உள்ளவர்கள். ஆட்கணக்கில் 16 இலட்சத்துக்கும் அதிகம். இது நாலு பேருடைய பிரச்சினை அல்ல.

இரண்டு வழிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் வெளங்கும். விலை குறைந்த குளிசையை வாங்க எவரும் எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. கொடுப்பனவுக்கோ கிராம சேவகரின் உறுதி, வைத்தியச் சான்றிதழ், பிரதேச செயலகம், காத்திருப்போர் பட்டியல். ‘எனக்கு ஏலாது’ என்பதை ஒரு மனிசர் திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்ட வேண்டும். எங்கள் ஊரில் கால் இயலாத ஒரு சாச்சா இருக்கிறார்; சீனி வருத்தமும் உண்டு. “இந்தக் கையால எடுத்து அந்தக் கையால பாமசிக்குக் குடுக்கிறன் மனெ” என்று ஒருநாள் சொன்னார். எந்த ஆய்வறிக்கையும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லியதாக நான் காணவில்லை.

அவர் சொன்னதற்கு 2022 சாட்சி. ரூபாய் சரிந்தது. ஏப்ரல் கடைசியில் மட்டும் 60 வகை மருந்துகளின் விலை 40 வீதத்தால் கூட அனுமதிக்கப்பட்டது. 2015இல் வந்த மருந்து ஒழுங்குபடுத்தல் சட்டமும், 2016இல் 48 மருந்துகளுக்கு இட்ட உச்ச விலையும் பிபிலேயின் வழிக்குத் திரும்பும் முயற்சிகள்தாம். ஆனால், மருந்தை டொலரில் வாங்கும் நாட்டில் ரூபாய் விழுந்தால் உச்ச விலை மட்டும் எப்படித் தாங்கும்? 2023இல் அஸ்வெசும வந்தபோது இயலாதவருக்கு மாதம் 5,000 ரூபா, பிறகு 7,500, 2025இல் 10,000. தொகை கூடியது நல்லதுதான். ஆனால், அந்தக் காசுக்கு எத்தனை நாள் மருந்து வாங்க ஏலும் என்பதை வைத்தே அதன் பெறுமதியை அளக்க வேண்டும்.

ஜாயாவின் வழியும் பிபிலேயின் வழியும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. மலிந்த குளிசை சக்கர நாற்காலி வாங்கித் தராது. துணைக்கு வருபவரின் நாள்கூலியை ஈடுசெய்யாது. விலைக் கட்டுப்பாடு இல்லாத கொடுப்பனவோ ஓட்டைக் குடத்தில் வார்த்த தண்ணீர். நம் நாட்டில் இவ்விரண்டும் ஒரே காலத்தில் பலமாக இருந்ததில்லை என்பதே இந்த வரலாற்றை வாசித்ததில் எனக்குக் கிடைத்த முடிவு. வரவு செலவுத் திட்டம் வரும்போது கொடுப்பனவு எவ்வளவு கூடியது என்று மட்டும் பார்க்கிறோம். மருந்து விலைக்கு என்ன நடந்தது என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டும்.